பட்டாளத்துப் பெட்டியில் ஒரு நூல் சேலை

லில்லியைக் கடைக்குள் விட்டால் வியாபாரம் கெடும். இதை அவள் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன். என் பெயர் அகமது மீரான். திருநெல்வேலி டவுணில் ரத வீதியில் துணிக்கடை வைத்திருக்கிறேன். லில்லி பாளையங்கோட்டையில் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிறவள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் கட்டுக் கட்டாகத் துணி எடுப்பாள். பேரம் பேச மாட்டாள், பாக்கி வைக்க மாட்டாள். தங்கமான வாடிக்கைதான். ஆனால் அந்த வாய் இருக்கிறதே!

பக்கத்தில் ஒரு அம்மா சுடிதார் துணியை நீவிப் பார்த்தபடி, "இது சாயம் போவுமா?" என்று என்னிடம் கேட்பாள். நான் வாயைத் திறப்பதற்குள் லில்லி முந்திக்கொள்வாள்.

"போவும்க்கா. ரெண்டு அலசுல வெளுத்துரும். போன மாசம் இதத் தச்சுக் குடுத்து நான் பேச்சு வாங்குனேன்."

"ஏம்மா, நீ துணி எடுக்க வந்தியா, என் கடைய மூட வந்தியா?" என்று கத்துவேன்.

"கேட்டாவ, சொன்னேன் அண்ணாச்சி. அதுக்கு எதுக்குக் கோவப்படுதிய?"

கோபப்படாமல் கொஞ்சவா முடியும்? அரிச்சந்திரனுக்குத் தங்கச்சி என்று அவளுக்குப் பட்டம் வைத்தேன். அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே, மறுவாரம் வந்து அதே வேலையைச் செய்தாள்.

அவள் வீட்டுக்காரர் கிருபைராஜ் பட்டாளத்தில் ஹவில்தார். ஆள் பார்க்கப் பனைமரம் மாதிரி இருப்பார், வாயில் மட்டும் பேச்சு கிடையாது. லீவில் வந்தால் மனைவியோடு கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நலம் விசாரித்தால் "நல்லாருக்கேன் அண்ணாச்சி". கிளம்பும்போது "வாரேன் அண்ணாச்சி". இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. படைத்தவன் கணக்குப் பார்த்துத்தான் இந்த இரண்டு பேரையும் சேர்த்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் கிருபைராஜின் படை வடகிழக்கு மலைப்பக்கம் இருந்தது. அங்கே மழை விடாமல் அடித்து, மலை சரிந்து, அடிவாரத்து ஊருக்குள் வெள்ளம் வந்துவிட்டது. பட்டாளத்துக்காரர்கள் எல்லாரும் ஊர் ஜனங்களைக் கரைசேர்க்க ஓடினார்கள். கிழடு கட்டைகளைத் தோளில் தூக்கிக் கரையேற்றிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், அவர்கள் தங்கியிருந்த கொட்டகையைக் காணோம். அந்த இடத்தில் ஓடை போகிறது. கட்டில், படுக்கை, டிரங்குப் பெட்டி எல்லாம் போய்விட்டது. உடுத்தியிருந்த உடுப்பும் உயிரும்தான் மிச்சம்.

லில்லி வந்து இதைச் சொன்னபோது அளந்துகொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டேன். "அல்ஹம்துலில்லாஹ், ஆளு தப்பிச்சாரே, அது போதும் தாயி" என்றேன்.

"அதுக்கே முழங்கால்ல நின்னு ஸ்தோத்திரம் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றாள். "இதுல போன சாமானுக்கு ஈடு வேற குடுப்பாவளாம்."

பணியில் இருக்கும்போது இப்படிச் சொந்தப் பொருள் போனால் சர்க்கார் ஈடு கொடுக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பெட்டியில் என்னென்ன இருந்தது என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுக்கவேண்டும். அதை விசாரித்துச் சரிபார்த்து, கர்னல் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புவார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. நம் தாமிரபரணி பெருகி வந்த வருஷம் என் சரக்குக் கிட்டங்கியில் நனைந்த துணியை என்ன ஏது என்று கேட்க ஒரு நாதி இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு நானே காயப்போட்டு, நானே பாதி விலைக்கு விற்றேன்.

சரிபார்க்கிற அதிகாரி, தமிழ் தெரிந்த சுபேதார் ஒருவரை வைத்துக்கொண்டு வீட்டுக்கும் போன் போட்டுவிட்டார். உங்கள் வீட்டுக்காரர் பெட்டியில் இதெல்லாம் இருந்தது உண்மைதானா என்று கேள்வி. யாரிடம்? லில்லியிடம்! நாசமாய்ப் போக வேறு என்ன வேண்டும்?

சுபேதார் ஒவ்வொன்றாக வாசித்தார். கம்பளிச் சட்டை, இருந்தது. ஷூ, இருந்தது. வேதாகமம், இருந்தது. கைக்கடிகாரம் வந்ததும் லில்லி நிறுத்தினாள்.

"அது இல்ல சார். வாரு அறுந்துபோயிட்டுன்னு லீவுல வந்தப்பக் கழத்தி வச்சாவ. இந்தா, பீரோவுக்குள்ள கெடக்கு. மறந்துபோயி எழுதிட்டாவ போல."

அதோடாவது விட்டாளா? "ஒரு சாமான் விட்டுப்போயிருக்கு சார்" என்றும் சொல்லியிருக்கிறாள். "என் நூல் சேலை ஒண்ணு. பச்சைக் கரை. அவிய விரிச்சுப் படுக்கதுக்குக் கொண்டுபோனது."

அந்தச் சேலை எங்கள் கடையில் எடுத்ததுதான். வீரவநல்லூர் நூல் சேலை துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவார்கள், கட்டிலில் விரிப்பார்கள். கம்பளி உடம்பில் குத்தாமல் இருக்க இதை உள்ளே போட்டுக்கொள்ளலாம் என்பதும் உண்மை. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்றால் கடையில் போர்வைக்கா பஞ்சம்? பட்டாளத்துக்குப் போகிறவன் வீட்டுக்காரியின் பழைய சேலை ஒன்றைப் பெட்டிக்கு அடியில் மடித்துக்கொண்டு போவான். யாரிடமும் மூச்சு விட மாட்டான். அவனை ரயிலேற்றிவிட்டு, அதற்குப் பதில் சேலை எடுக்க மனைவி என் கடைக்கு வருவாள். இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

மேலிடத்தில் தணிக்கை செய்கிறவர்களுக்கு இது தெரியுமா? எழுதிக் கொடுத்த கடிகாரம் பெட்டியில் இல்லை. எழுதாத சேலை பெட்டியில் இருந்ததாம். ஆண்கள் தங்குகிற கொட்டகைக்குள் பெண்பிள்ளை உடுப்பு எப்படி வந்தது? இவர் எழுதிக் கொடுத்ததை எப்படி நம்புவது? இப்படிக் கேள்வி எழுதிக் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணம் நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும். கிருபைராஜுக்கு நாயிப் சுபேதாராகப் பதவி உயர்வு வரப்போகிற சமயம் அது. பொய் எழுதிக் கொடுத்தார் என்று பெயர் விழுந்தால் அதோடு போச்சு. இத்தனை வருஷம் பனியிலும் வெயிலிலும் நின்றதற்கு அந்தக் கெட்ட பெயர்தான் மிச்சமாகும்.

அந்தச் சுபேதார் நல்ல மனிதர். ஒரு வழி சொன்னார். கடிகாரம் மறதி, அதை மன்னித்துவிடலாம். சேலைதான் இடிக்கிறது. 'என் மனைவி குழம்பிப்போய்ச் சொல்லிவிட்டாள், அப்படிச் சேலை எதுவும் இல்லை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கோப்பு நகர்ந்துவிடும். தாளைக்கூட அவரே எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

கிருபைராஜ் போன் போட்டு, "கையெழுத்துப் போட்டுரட்டா?" என்று கேட்டிருக்கிறார்.

"உங்க இஷ்டம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, லில்லி நேரே பஸ் ஏறி என் கடைக்கு வந்துவிட்டாள். நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, "அந்தச் சேலைய உங்க கடையில எடுத்தேன்னு ஒரு எழுத்து எழுதித் தாங்க அண்ணாச்சி" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! "ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா என்ன? வாயி சும்மா இருக்காதோ? அவரு கையெழுத்தப் போட்டுட்டுப் போவட்டும். கிழிஞ்ச சேலைக்கு ஒரு பொய். யாருக்கு என்ன நட்டம்?"

"எனக்கு நட்டம் அண்ணாச்சி."

அவள் கண் நிறைந்துவிட்டது. லில்லி அழுது நான் பார்த்ததே இல்லை.

"ஊரு என்ன வேணா பேசட்டும். நான் சொன்னது பொய்யின்னு அவியளே கையெழுத்துப் போட்டுட்டா, பொறவு அந்த வீட்டுல நான் எந்த வாய வச்சுப் பேசுதது? சுபேதாரா வரணும்னு நானும்தான் அழுது ஜெபிக்கேன். ஆனா என்னையப் பொய்க்காரியாக்கித்தான் அது வரணும்னா..."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. கடைத் தாளை எடுத்து எழுதினேன். இந்த அம்மாள் எங்கள் கடையில் நூல் சேலை எடுத்தது உண்மை. பட்டாளத்துக்காரர் பெட்டியில் வீட்டுச் சேலை இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. அப்படியும் சந்தேகம் இருந்தால் என்னிடம் போனில் கேட்கவும். கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினேன்.

லில்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். "கடைசி வரி வேண்டாம் அண்ணாச்சி. நீங்க அவங்ககிட்ட சண்டை போட்டுருவிய."

அந்த வரியை அடித்துவிட்டுக் கொடுத்தேன். அதைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினாள். கூட ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

பிறகு ஒரு சேதியும் இல்லை. பொத்தான் வாங்க, நூல் வாங்க என்று வருவாள். இன்னும் ஒன்றும் சரியாகவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும். யாரோ ஒருத்தி துணியைக் காட்டிச் சாயம் போகுமா என்று கேட்டதற்குக்கூடப் பேசாமல் நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. நானே அந்த அம்மாவிடம், "போவும், வேற எடுங்க" என்று சொன்னேன். என் தலையெழுத்து.

ஒரு நாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். "சரியாயிட்டு அண்ணாச்சி! பணம் வந்துட்டு. நாயிப் சுபேதாரும் ஆயிட்டாவ."

"மாஷா அல்லாஹ்! எப்படிச் சரியாச்சு?"

"தெரியல. 'சரியாயிட்டு'ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னாவ. கையெழுத்துப் போட்டாவளா, போடலையான்னு கேக்க எனக்குப் பயமா இருக்கு." சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. உடனே தேறிக்கொண்டாள். "எப்படியோ, சர்க்காரச் சும்மா சொல்லப்படாது அண்ணாச்சி. போனது போவட்டும்னு விடாம, ஒனக்கு என்ன போச்சு, ஒனக்கு என்ன போச்சுன்னு ஒவ்வொரு ஆளா இருத்திக் கேட்டிருக்காவ. எங்க ஆயுசுல எங்களை யாரு அப்படிக் கேட்டா?"

கிறிஸ்துமஸ் லீவுக்குக் கிருபைராஜ் வந்தார். இருவரும் கடைக்கு வந்தார்கள். வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்து தலையை நிமிர்த்தினார். நான் விசிறியை நிறுத்திவிட்டேன். "சுபேதார் சாப், இன்னைக்கு நீரு பேசாம வெளிய போவ முடியாது. அந்தக் கையெழுத்து என்ன ஆச்சுவே?" என்றேன்.

லில்லி துணிக்கட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

அவர் கையைப் பிசைந்தார். பிறகு பைய ஆரம்பித்தார். "மாசத்துக்கு ஒருக்கா படையில எல்லாரும் கூடுவோம் அண்ணாச்சி. குறை இருந்தா எந்திச்சுச் சொல்லுங்கன்னு கர்னல் கேப்பாரு. சுபேதார் எழுதின தாளு பையில இருந்துச்சு. கையெழுத்துப் போடக் கை வரல. எந்திச்சுட்டேன்."

"எல்லார் முன்னாலயுமா?" என்றாள் லில்லி.

"ம். கடிகாரம் நான் மறந்துபோயி எழுதினது சாப், சேலை நான் வெக்கப்பட்டு எழுதாதது, ரெண்டு தப்பும் என்னுதுன்னேன். என் வீட்டுக்காரி சொன்னது ரெண்டும் உண்மை, அவ பொய் சொல்ல மாட்டான்னேன். அண்ணாச்சி எழுத்தையும் குடுத்தேன்."

"சிரிச்சாவளா?"

"சிரிச்சானுவ. கூட்டமே சிரிச்சுது. அப்ப சுபேதார் மேஜர் எந்திச்சாரு. அரியானாக்காரரு, அவரப் பாத்தா எல்லாரும் நடுங்குவான். 'என் பெட்டியில எங்கம்மா துப்பட்டா இருந்துச்சு சாப், நானும் எழுதல'ன்னாரு. சிரிப்பு நின்னுட்டு. இன்னும் யாரு யாரு எழுதலன்னு கர்னல் கேட்டாரு. ஒவ்வொருத்தனாக் கையத் தூக்குனான்." விரலை மடக்கிக் காட்டினார். "தூக்காதவன எண்ணிரலாம் அண்ணாச்சி. எல்லார் பேருலயும் வீட்டுத் துணி ஒண்ணு சேத்து எழுதுங்கன்னு கர்னல் சொல்லிட்டாரு. எல்லாருக்குமே பணம் வந்துட்டு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்னால் என்ன? கிடைத்த நல்ல மனிதர்களுக்காக அல்லாஹ்வுக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். லில்லி அவர் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். "இத்தன நாளு எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டு விம்மி விம்மி அழுதாள், அழுதபடியே சிரித்தாள். கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாற ஞாயித்துக்கிழமை கோயில்ல சாட்சி சொல்லப் போறேன்" என்றாள். ஆண்டவர் செய்த நன்மையை ஆராதனையில் எழுந்து நின்று சபைக்கு முன்னால் சொல்வது அவர்கள் வழக்கம். அங்கே ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாகத்தான் உட்காருவார்கள்.

கிருபைராஜுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சேலையையுமா சொல்லப் போற?"

"அதச் சொல்லாம வேற எதச் சொல்லுதது?"

அவர் மேலே பார்த்தார். விசிறி ஓடவில்லை. என்னைப் பார்த்தார். நான் துணியை மடிக்க ஆரம்பித்தேன். கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

"சரி, சொல்லு" என்றார். "ஆம்பளையாளு பக்கத்துலேருந்து எந்திச்சு வந்து நானும் ஒம்பக்கத்துல நிக்கேன்."