டுவேன் ஹ்ரூஷ்காவின் வலது கால்

நெப்ராஸ்காவில் கார்வெல் என்கிற சிற்றூரின் தானியக் கிடங்கில் டுவேன் ஹ்ரூஷ்கா இருபத்தாறு வருடமாக லாரிகளை எடை போடுகிறார். மக்காச்சோள அறுவடைக் காலத்தில் அவரிடம் எடைச் சீட்டு வாங்காமல் எந்த லாரியும் நகர முடியாது. அதனால், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பாலைப் பற்றி அவருடைய கருத்தைக் கேட்காமலும் எந்த லாரியும் நகர்ந்ததில்லை.

அந்த வருடம் கருத்து ஒன்றே ஒன்றுதான். ஊர்ப் பள்ளி அணி தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்றிருந்தது. பந்து கையில் இருந்தும் பத்து அடி முன்னேற முடியவில்லை.

"தடுப்புல ஒரு குறையும் இல்ல," என்றார் டுவேன். "பந்தை எந்தப் பக்கம் கொண்டுபோகணும்னு சொல்றானே கோச், அவன் மண்டையிலதான் கோளாறு."

"வழி திறந்தாத்தானய்யா ஓட முடியும்?" என்றார் லாரிக்கார ஹார்லன். "முன்னால நிக்கிற அஞ்சு பேரும் எதிராளிய முட்டித் தள்ளலேன்னா எந்தத் திட்டம் போட்டு என்ன? அந்த அஞ்சுல உன் மகனும் ஒருத்தன்."

டுவேன் எடைச் சீட்டைத் தேட ஆரம்பித்தார். அது அவர் கையிலேயே இருந்தது. கிடைக்கப் பத்து நிமிடமாயிற்று.

மகன் கோல்பிக்கு அது பள்ளியில் கடைசி வருடம். அதற்குமேல் விளையாடக் கல்லூரியிலிருந்து யாரும் கூப்பிடப் போவதில்லை. முப்பது வருடத்துக்கு முன்பு அதே இடத்தில், அதே 64-ம் எண் சட்டையில் டுவேன் நின்றிருக்கிறார். அந்தப் படம் எடை ஜன்னலுக்கு மேலே தொங்குகிறது. மகன் அந்த இடத்தில் கடைசி ஆட்டம்வரை நிற்க வேண்டும். வாழ்க்கையிடம் அவர் வேறெதையும் கேட்டதில்லை.

ஆகவே ஒரு மனு எழுதினார். கோச் ஸ்டெங்கல் இனி ஆட்டத் திட்டத்தில் தலையிடக் கூடாது, வேறு யாராவது அதைச் சொல்லட்டும் என்று. முப்பத்தொரு கையெழுத்து சேர்ந்தது. அதில் இருபத்தைந்து, எடைச் சீட்டுக்காகக் காத்திருந்தவர்கள் போட்டது.

திங்கட்கிழமைதோறும் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் பெற்றோர்களும் ஊர்க்காரர்களும் கூடுவார்கள். பீன்ஸும் இறைச்சியும் போட்ட காரக் குழம்பு, அதோடு தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை போட்டுச் சுருட்டிய இனிப்பு ரொட்டி ரோல். சாப்பிட்டபடியே முந்தைய வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் வீடியோவைப் பார்ப்பது வழக்கம். கோச் போட்டுக் காட்டுவார்.

"மெதுவா ஓட்டுங்க கோச்," என்றார் டுவேன், மனுவைச் சட்டைப்பையில் தடவியபடி. "உங்க லட்சணத்த எல்லாரும் நிதானமாப் பாக்கட்டும்."

"வேண்டாம் டுவேன். நாம தனியாப் பேசிக்கலாம்."

"தனியா என்ன ரகசியம்? ஓட்டுங்க."

கோச் மெதுவாக ஓட்டினார். திரையில் ஐந்து பையன்கள் குனிந்து நின்றார்கள். பந்து அசைந்ததும் நான்கு பேர் இடது காலை எடுத்து வைத்தார்கள். 64 மட்டும் வலது காலை வைத்தான். அவனுக்கும் பக்கத்துப் பையனுக்கும் நடுவில் ஒரு வாசல் திறந்தது. எதிரணிக்காரன் விருந்தாளிபோல அதில் நுழைந்து பந்துக்காரனை மண்ணில் சாய்த்தான். அடுத்த ஆட்டத்துண்டிலும் அதே கால், அதே வாசல், அதே விருந்தாளி. ஏழாவது முறை ஹார்லன் ரோலைத் தட்டில் வைத்துவிட்டு டுவேனைப் பார்த்தார். பிறகு கூடமே பார்த்தது.

"ஆகஸ்ட்லேர்ந்து இடது கால், இடது காலுன்னு சொல்லிட்டே இருக்கேன்," என்றார் கோச். "வீட்ல யாரோ வலது காலுன்னு சொல்லித் தர்றாங்களாம். யாருன்னு கேட்டா பையன் வாயத் திறக்க மாட்டேங்கிறான்."

டுவேனின் மனைவி லொரெட்டா கரண்டியைக் கீழே வைத்தாள். கார் கொட்டகையில் தினமும் சாயங்காலம் "எங்க காலத்துல" என்று தொடங்கிய பாடங்களெல்லாம் அவள் காதிலும் விழுந்தவைதான்.

டுவேன் எழுந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று சிலர் நினைத்தார்கள். அவரைத் தெரிந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை.

"அவன் வலது காலைத்தான் வைப்பான்னு தெரியுதுல்ல? தெரிஞ்சும் அந்தப் பக்கமே ஓடச் சொன்னது யாரு? நான் சொன்னதுதான். திட்டத்துலதான் கோளாறு."

கோச் வீடியோவை நிறுத்தினார். "நியாயம்தான் டுவேன். வெள்ளிக்கிழமை திட்டத்த மாத்திடறேன்."

மாற்றிவிட்டார். 64 பெஞ்சில் உட்கார்ந்தான். அவன் இடத்தில் முழங்கையும் முழங்காலுமாக ஒரு ஒல்லிப் பையன் நின்று இடது காலை எடுத்து வைத்தான். கார்வெல் 28-14 என்று ஜெயித்தது.

"ஒத்துக்கறேன்யா," என்று ஹார்லன் டுவேனின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "முழுக்க முழுக்கத் திட்டம்தான்." அவரைத் தொடர்ந்து ஒன்பது பேர் வந்து கை குலுக்கினார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. அதைத்தான் டுவேனால் தாங்க முடியவில்லை. மனு இன்னும் சட்டைப்பையிலேயே இருந்தது.

மறுநாள் காலை கோல்பி கொல்லைப் புல்வெளியில் நின்று அப்பாவைக் கூப்பிட்டான்.

"கடைசி ஆட்டத்துக்கு எடுத்துப்பேன்னு கோச் சொல்லியிருக்காரு. காலை மாத்தினா. எதிர்ல வந்து நில்லுங்கப்பா. எதுவும் சொல்ல வேண்டாம், நின்னாப் போதும்."

சொல்வதற்கு டுவேனிடம் நிறைய இருந்தது. வாயை மூடிக்கொண்டு போய் நின்றார். கோல்பி குனிந்தான். இடது கால் வந்தது. அடுத்து டுவேன் பார்த்தது வானத்தை.

சமையலறை ஜன்னலிலிருந்து லொரெட்டாவின் குரல் கேட்டது. "ஏங்க, இது தடுப்பா, திட்டமா?"

டுவேன் மல்லாந்தபடியே கையால் தரையைத் தடவிப் பார்த்தார்.

"புல்லு ஈரமா இருக்கு," என்றார்.