தலையில் அடித்த சத்தியம்

"சன்செட் பார்க்கப் போறம், அங்கயே ஏதாவது சாப்பிடலாம்" என்றுதான் மகள் சொன்னாள். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் என்பதை நாங்களே மறந்திருந்தோம். அவள் அதை நினைவு வைத்துக் கூட்டிப் போகிறாள் என்றால் நான் வேறென்ன கேட்பேன்? எங்கள் வீடு இருக்கிற கிரான்பர்னிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டம். நான் பின்சீட்டில், நல்ல சேலை கட்டி, மடியில் ரோல்ஸ் டப்பாவோடு இருந்தேன். ஒரு பேக்கரி, ஒரு தபால் கந்தோர், ஒரு சின்னத் தேவாலயம், அதோடு ஊர் முடிந்துவிட்டது. மண் ரோட்டில் திரும்பியதும் சரிவு முழுக்கக் கம்பியில் படர்ந்த திராட்சைக் கொடிகள். வாசற் பலகையில் வைன் டேஸ்டிங் என்று எழுதியிருந்தது, வைனை ருசி பார்க்கிற இடம்.

"இஞ்ச ஏன் எங்களைக் கொண்டு வந்தனி?" என்று கேட்டேன்.

"அம்மா, ப்ளீஸ். வந்து இருங்கோ," என்றாள்.

முன்சீட்டில் இருந்த அவளுடைய தகப்பன் காரை விட்டு இறங்கித் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என் மனுசன் பதினாறு வருஷமாகக் குடிப்பதில்லை. அதற்கு முதல் குடித்தார், அதுவும் கொஞ்ச நஞ்சக் குடியில்லை. கடைசியாக ஒரு சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளிக்கூடம் விட்டு மகளைக் கூட்டிவரப் போகவேண்டியவர், கராஜில் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பட்டப்பகலில் நித்திரையாகிவிட்டார். நான் முதியோர் இல்லத்தில் டியூட்டியில் நின்றேன். ஏழு வயதுப் பிள்ளை இரண்டு மணி நேரம் மழையில் பள்ளிக்கூடக் கேற்றடியில் நின்றிருக்கிறாள். வேறொரு பிள்ளையின் தகப்பன்தான் கண்டு, வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

நான் யூனிபோமைக் கூடக் கழற்றவில்லை. மனுசனை இழுத்து எழுப்பி, அவருடைய வலது கையைப் பிடித்து ஈரம் காயாத பிள்ளையின் தலையில் வைத்து அமுக்கினேன். "இனிக் குடிச்சால் இந்தப் பிள்ளை எங்களுக்கு இல்லை எண்டு சொல்லுங்கோ," என்றேன். அவர் அழுதுகொண்டு சொன்னார். தமிழாட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சத்தியம் பிழைத்தால் அது அடித்தவனை விட்டுவிட்டு, அந்தத் தலையைத்தான் பிடிக்கும்.

அன்றோடு விட்டார். டொக்டராலும் கவுன்சலிங்காலும் ஏலாததை நான் ஒரு நிமிஷத்தில் முடித்தேன் என்று போகிற கல்யாண வீடு, சாமத்திய வீடு எல்லாவற்றிலும் சொல்லிப் பெருமை அடித்திருக்கிறேன். புருஷன் குடிக்கிறான் என்று அழுத இரண்டு பேருக்குப் புத்திமதியாகவும் சொல்லியிருக்கிறேன்.

கொடிகளுக்கு நடுவே புல்லில் மேசைகள் போட்டிருந்தார்கள். தொப்பியும் பூட்சும் போட்ட வெள்ளைக்காரி ஒருத்தி வந்து பாணும் சீஸும் வைத்தாள். பிறகு எப்படிக் குடிப்பது என்று பாடம் எடுத்தாள். கிளாஸைச் சுழற்ற வேண்டுமாம், மணக்க வேண்டுமாம், வாயில் வைத்துக் கொப்பளித்து, நடுவில் இருந்த வெள்ளிச் சட்டிக்குள் துப்ப வேண்டுமாம். சாப்பாட்டுக்குப் பக்கத்தில் எச்சில் சட்டி. அவளோ மூன்று கிளாஸிலும் சிவப்பு வைனை ஊற்றிவிட்டு, நல்ல நேரத்துக்கு வந்திருக்கிறீர்கள், இன்னும் அரை மணியில் சூரியன் இறங்கிவிடும் என்று சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள்.

அவர் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கதிரையில் இருப்பவர்போல் இருந்தார். மகள் ஒரு கிளாஸை எடுத்து அவருக்கு முன்னால் தள்ளினாள்.

"அப்பா, ஒரு சிப் குடியுங்கோ."

ஊரான் யாராவது ஊற்றிக் கொடுத்திருந்தால் கிளாஸோடு அவன் மூஞ்சியில் எறிந்திருப்பேன். பெற்ற பிள்ளை கொடுக்கிறாள்.

"உனக்கென்ன விசரே? ஆற்ற தலையில அடிச்ச சத்தியம் எண்டு தெரியுமே உனக்கு?" என்றேன். அடுத்த மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

"என்ர தலை, அம்மா," என்றாள். குரலை உயர்த்தவேயில்லை. "அதுக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். எனக்கு முன்னால அவர் ஒரு சிப் குடிக்கட்டும். எனக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டு நான் என்ர கண்ணால பார்க்கோணும்."

நான் வாயைத் திறக்க முதல் அவள் சொல்லிக்கொண்டே போனாள். காய்ச்சல் வந்தாலும், பரீட்சையில் குறைந்தாலும், பத்தாம் வகுப்பில் அப்பெண்டிக்ஸ் வந்து ஒபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதும் அவள் யோசித்தது ஒன்றுதானாம்: அப்பா குடித்துவிட்டார். வேலையால் அவர் வந்த உடனே ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறாளே, அது வாயில் குடி மணம் அடிக்கிறதா என்று மணந்து பார்க்கவாம். தகப்பனில் என்ன பாசம் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது அதைத்தான்.

"போன மாசம் கழுத்தில ஒரு கட்டி வந்தது. உங்களுக்குச் சொல்லேல்லை. ஸ்கான் எடுத்தது, ஒண்டுமில்லை. ரிசல்ட் வாற வரைக்கும் நான் கான்சரைப் பற்றி யோசிக்கேல்லை அம்மா. அப்பா எங்கயோ ஒளிச்சுக் குடிச்சிட்டார் எண்டுதான் யோசிச்சனான். ஐ நோ இட்ஸ் ஸ்டுப்பிட். ஆனா நிப்பாட்ட ஏலாமல் கிடக்கு."

கழுத்தில் கட்டி வந்ததைப் பிள்ளை எங்களுக்கு மறைத்தாள் என்பது ஒரு அதிர்ச்சி. நான் அவருக்குப் போட்ட கயிறு பதினாறு வருஷமாக இவள் கழுத்தில் கிடந்தது என்பது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. மனுசனைத் திருத்தினேன் திருத்தினேன் என்று துள்ளினேனே, பாவி.

அவர் தொடைக்குக் கீழிருந்து கையை எடுத்தார். கிளாஸை எடுக்கப் போகிறார் என்று நினைத்து எனக்கு உயிரே போனது. புறங்கையால் அதைத் தள்ளி வைத்துவிட்டு, "இது தேவையில்லை பிள்ளை. நான் குடிச்சனான்," என்றார்.

"எப்ப?" என்று மகள் கேட்டாள்.

"சத்தியம் பண்ணி ரெண்டு கிழமையால. ஸ்பிரிங்வேலில ஒரு பிறந்தநாள் பார்ட்டி. எல்லாரும் குடிச்சாங்கள், நானும் குடிச்சனான். மூண்டு நாலு கிளாஸ். அதுக்குப் பிறகுதான் விட்டனான்."

"எனக்கு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. அடுத்த நாள் நீச்சலில சேர்ட்டிபிகேட் எடுத்துக்கொண்டு வந்தனி. நான்தானே உன்னைக் கூட்டிக்கொண்டு போனனான்."

அந்தப் பார்ட்டிக்கு நாங்கள் போகவேயில்லை. போத்தல் உடைக்கிற இடத்துக்கு இந்த மனுசனைக் கொண்டுபோக மாட்டேன் என்று நான்தான் மறித்தேன். அன்று பின்னேரம் முழுக்க அவர் பின்வேலிக்குப் பெயின்ட் அடித்தார், நான் டின்னைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அன்றைக்கும் அதற்குப் பிறகும் ஒரு சொட்டுத் தொடவில்லை. பிள்ளை மட்டுமில்லை, நானும்தானே மணந்து பார்த்தேன்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, உண்மையே?"

முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்கிறவள் என்று பெயர் எடுத்தவள் நான். அந்தப் பெயரால் எத்தனை சொந்தத்தை முறித்திருக்கிறேன். அதனால்தான் அவள் என்னைக் கேட்டாள். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த பாண் துணிக்கைகளை ஒரு விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"ஓம்," என்றேன். "அண்டைக்கே நான் மணந்து பிடிச்சனான். நீ சின்னப்பிள்ளை எண்டு சொல்லேல்லை."

அவள் மேசையில் முகத்தை வைத்து அழுதாள். தோள் இரண்டும் குலுங்கின. தலையைத் தடவிவிடலாம் என்று கையை நீட்டினேன், அந்தத் தலையில் கை வைக்கப் பயமாக இருந்தது. முதுகைத்தான் தடவினேன். கண்ணைத் துடைத்து நிமிர்ந்தபோது அவள் முகம் லேசாகிக் கிடந்தது. பிறகு மெல்ல மெல்ல இறுகியது. தகப்பனைப் பார்த்து, "என்ர தலையில அடிச்சும் ரெண்டே ரெண்டு கிழமை, அப்பா," என்றாள்.

"ஓம் பிள்ளை. பிழைதான்," என்றார் அவர்.

வெள்ளைக்காரி வந்து, தொடாமல் இருந்த மூன்று கிளாஸையும் பார்த்து, பிடிக்கவில்லையா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழும்பினோம். சூரியன் எப்போது இறங்கியது என்று மூவருக்கும் தெரியாது.

அடுத்த நாள் பின்னேரம் ஆறு மணிக்கு அவர் வேலையால் வந்தார். நான் குசினியில் வெங்காயம் அரிந்துகொண்டு நின்றேன். மகள் சோபாவில் லாப்டொப்போடு இருந்தாள். கதவு திறந்த சத்தத்துக்கு, "ஹாய் அப்பா," என்றாள், எழும்பி ஓடிவரவில்லை. அவர் தோளில் கிடந்த பையை இறக்காமல் வாசலிலேயே நின்றார்.

அவள் நிமிர்ந்து, "என்ன அப்பா?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்லை பிள்ளை," என்றார்.