எனக்காகப் பயந்தவர்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி அடைமழை நேரத்தில், குன்னத்துக்கும் அரியலூருக்கும் நடுவே ஒரு ஓடைக்கரையில் நடந்தது இது. பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்றும் சொல்லலாம். அதனாலேயே இத்தனை நாளும் யாரிடமும் இதைச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பயந்தாங்கொள்ளி. அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிறவள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரக் கொஞ்சம் நேரமானால் தெருமுனைக்கு ஓடிவிடுவேன். எட்டாவதோடு படிப்பு நின்றதுகூடப் பயத்தால்தான். நான் பிறந்த வீடு ரெட்டிபாளையத்தில், சிமெண்ட் ஆலைக்குப் பக்கத்தில். ஒன்பதாவது படிக்க அரியலூர் டவுனுக்கு பஸ்ஸில் போக வேண்டும். அந்த ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எதிரில் ஒரு லாரி உரசினாற்போலப் போனால் பஸ்ஸே ஆடும். ஒரு வாரம் போனேன், அதற்குமேல் முடியவில்லை. "புள்ள பயப்படுது, வுடு" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அதோடு சரி.

அப்பா மூட்டை ஏற்றும் வேலை பார்த்தார். சினிமா என்றால் அவருக்கு உயிர். கையில் காசு வரும்போது அரியலூர் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்து, சாப்பிடும்போது முழுக் கதையையும் எனக்குச் சொல்வார். நான் கூட்டத்துக்குப் பயந்து தியேட்டர் பக்கமே போக மாட்டேன். அதனால் எனக்கு எல்லாப் படமும் அப்பா சொன்ன படம்தான். பாட்டை விட்டுவிடுவார். சண்டையை இரண்டு மடங்காக்கிவிடுவார். அவர் சொன்னதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது, வெள்ளம் போகிற ஆற்றில் கதாநாயகன் மாட்டு வண்டியை இறக்கும் இடம். அக்கரையில் அவனுடைய அம்மா உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பாள். போகாதே போகாதே என்று ஊரே கத்தும். அவன் மாட்டை ஒரு தட்டுத் தட்டி இறக்கிவிடுவான்.

"ஹீரோன்னா திரும்பக் கூடாது பாப்பா" என்பார் அப்பா, சோற்றைப் பிசைந்துகொண்டே.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன். படத்தில் ஆறே இல்லை! அப்பாவாகச் சேர்த்துக்கொண்டது. போன் போட்டுக் கேட்டேன். "அவங்க எடுக்காம வுட்டுட்டா அதுக்கு நான் என்ன பண்றது?" என்று சிரித்தார்.

அந்த அப்பாதான் அந்த ஐப்பசியில் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் போய் இருந்துவிட்டு, மகளைப் பார்க்க ஊருக்கு வந்த மறுநாள் மத்தியானம் தம்பி போன் செய்தான். "அக்கா, அப்பாவுக்கு மூச்சு வாங்குது. பாப்பா வந்துட்டாளா, பாப்பா வந்துட்டாளான்னு உன்னையேதான் கேக்குறாரு. உடனே கெளம்பி..." அவ்வளவுதான் கேட்டது. மழையில் டவர் போய்விட்டது.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் குன்னத்திலிருந்து உள்ளே தள்ளி. வீட்டுக்காரர் அப்போது திருப்பூரில் வேலையில் இருந்தார். ஒன்றாவது படித்துக்கொண்டிருந்த மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எங்கள் ஊருக்கு வரும் மினி பஸ், கிராமங்கள் வழியாகக் குறுக்கே அரியலூர் போய்விடும். அதில் ஏறிவிட்டேன். மக்காச்சோளக் காட்டில் களை எடுக்கப் போய், மழையால் வேலை நின்று திரும்பிய பெண்கள் பாதி வண்டி இருந்தார்கள். எல்லாரும் நனைந்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

அந்த ஓடைக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது.

ஓடையின் குறுக்கே தாழ்வாகப் போட்ட தரைப்பாலம். அதற்கு மேல் செம்மண் நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பாலத்தின் ஓரத்தில் நட்டிருந்த கற்களில் சில மட்டும் தலை காட்டின. டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு பைக்காரன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு காலைத் தூக்கிக்கொண்டு விருட்டென்று போய் அக்கரையில் ஏறிவிட்டான். ஏறியவன் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினான். பஸ்ஸில் இருந்த இளவட்டங்கள் விசிலடித்தார்கள். அடுத்து ஒரு கல் லாரி வந்தது. அது நிற்கக்கூட இல்லை. தண்ணீரை இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு போய்விட்டது.

தலையில் துண்டு கட்டிய ஒருவர், காலடியில் உர மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவர்தான் ஆரம்பித்தார். "யோவ் டிரைவரு, அவன் போறான் பாரு. நீ என்னாத்துக்கு நிக்கிற?"

"லாரி லோடுங்க. தண்ணி தள்ளாது. இது வெறுந்தகரம்" என்றார் டிரைவர், திரும்பாமலேயே.

"பைக்கு மட்டும் இரும்பு மலையா? லைசென்ச ஆபீசுல வாங்குனியா, ஆட்டுச் சந்தையில வாங்குனியா?"

பஸ் சிரித்தது. பின்னாலிருந்து இன்னொரு குரல், "வளையல் வாங்கிப் போட்டுக்கச் சொல்லுங்கய்யா!" என்றது.

களை எடுத்துவிட்டு வந்தவர்களில் ஒரு அம்மா வெடுக்கென்று திரும்பினார். "வளையல் போட்டவங்க பாதி வண்டி உக்காந்திருக்கோம். எங்கள்ல யாராச்சும் வாயத் தொறந்தமா? நீங்கதான் குதிக்கிறீங்க."

அதற்கும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. எனக்கு அப்பாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பாப்பா வந்துட்டாளா? மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கி முன்னால் போனேன்.

"அண்ணே, எங்கப்பா சாகக் கெடக்குறாரு. என்னையேதான் கேட்டுக்கிட்டிருக்காரு. உங்களக் கும்புட்டுக் கேக்குறேன், எறக்கிடுங்கண்ணே."

 மொத்தப் பஸ்ஸும் என் பக்கம் சேர்ந்துகொண்டது. "பெத்த அப்பன் மூஞ்சியப் பாக்கணும்னு அந்தப் பொண்ணு அழுவுது, மனுசனாய்யா நீ?" வளையலுக்காகச் சண்டை போட்ட அம்மாகூட, "ஏப்பா, மெதுவா உருட்டிப் பாரேன்" என்றார்.

டிரைவர் என்னைப் பார்த்தார். என் இடுப்பில் இருந்த மகளைப் பார்த்தார். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். மழையில் நடந்து தண்ணீருக்குள் கால் வைத்தார். முழங்காலுக்குத் தண்ணீர் வந்ததும் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது தெரிந்தது. அங்கேயே கொஞ்சம் நின்றார். திரும்பி வந்தார். படிக்கட்டில் ஏறாமல் கீழேயே நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்.

"எனக்குப் பயமா இருக்குதும்மா."

மெதுவாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படித்தான் சொன்னார். யாரோ ஊளையிட்டார்கள். "நான் தனியா வந்திருந்தாலும் எறக்க மாட்டேன். என்னால முடியாது" என்றார். ஏறி உட்கார்ந்து வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

அந்த ரோட்டில் வண்டியைத் திருப்ப இடமில்லை. இரண்டு பக்கமும் காடு, களிமண். கண்டக்டர் பின்னால் இறங்கி மழையில் நடந்துகொண்டே விசில் கொடுக்க, வண்டி பின்னாலேயே ஊர்ந்தது. போகிற வழியெல்லாம் பேச்சு. இவனெல்லாம் மாடு மேய்க்கப் போகலாம் என்றார்கள்.  அவர் கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

வழியில் ஒரு களத்தில் வண்டி திரும்பிக் குன்னம் மெயின் ரோட்டுக்கு வந்ததும், எனக்கு முன்னால் அவர் இறங்கினார். அரியலூர் போகிற பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. ரோட்டு நடுவில் போய் நின்று கையைக் காட்டி நிறுத்தினார். "அண்ணே, இந்தப் பொண்ணோட அப்பாவுக்கு முடியலையாம். வழியில ரொம்ப நிக்காம வுடுங்க" என்று அந்த டிரைவரிடம் சொன்னார். மகளை வாங்கி மேலே ஏற்றிவிட்டு, "அப்பா எப்படி இருக்காருன்னு நம்ம வண்டியில யார்கிட்டயாச்சும் சொல்லி வுடும்மா" என்றார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வழியில் சிக்னல் கிடைத்தது. தம்பிக்குப் போட்டேன். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரியலூரில் பஸ் மாறி, ரெட்டிபாளையத்தில் இறங்கித் தெருவுக்குள் நுழைந்ததும், வாசலில் நின்றவர்கள் என்னைப் பார்த்து வழி விட்டு ஒதுங்கினார்கள்.

"செத்த முன்னாலதான்க்கா" என்று தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

செத்த முன்னால். அந்த ஓடையைத் தாண்டியிருந்தால் அப்பாவை உயிரோடு பார்த்திருப்பேன். அப்பாவின் காரியம் முடிகிறவரை அந்த டிரைவரை நான் மனதுக்குள் திட்டாத நேரமில்லை. படுத்தால் போதும், அந்த மினி பஸ் ஓடையில் இறங்கும். தண்ணீரைப் பிளந்துகொண்டு அக்கரை ஏறும். நான் வீட்டுக்குள் ஓடுவேன். அப்பா கண்ணைத் திறந்து, "வந்துட்டியா பாப்பா" என்பார். எத்தனை முறை அந்த பஸ்ஸை இறக்கியிருப்பேன்! ஒவ்வொரு முறையும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

காரியம் முடிந்து ஊருக்குத் திரும்பியது அதே மினி பஸ்ஸில்தான். அன்று நல்ல வெயில். ஓடையில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. தரைப்பாலத்தின் ஒரு ஓரம் அரித்துப்போய்ப் பல் விழுந்தது மாதிரி கிடந்தது. அது அன்றைக்கே போனதா, பிறகு போனதா, யாருக்குத் தெரியும்? நாங்கள் இறங்கியிருந்தால் ஒன்றும் ஆகாமல்கூட இருந்திருக்கலாம். பைக் போனதே, லாரி போனதே. எனக்கு இன்றுவரை தெரியாது.

மடியில் இருந்த மகள் எட்டிப் பார்த்துக் கேட்டாள். "அம்மா, இங்கதான அந்த டிரைவர் மாமா பயமா இருக்குன்னாரு?"

"ஆமா."

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. எப்பவும் நீதான பயப்படுவ? அன்னிக்கு ஏம்மா பயப்படல?"

 அவளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அடுப்புக்குப் பயந்து, லாரிக்குப் பயந்து, இடிக்குப் பயந்து வாழ்ந்தவள் நான். உண்மையிலேயே பயப்பட வேண்டிய நாள் ஒன்று வந்தபோது, அப்பாவின் நினைப்பில் பயம் என்பதே எனக்குள் இல்லாமல் போய்விட்டது. என் பயத்தையும் சேர்த்து அன்றைக்கு அந்த டிரைவர் பட்டிருக்கிறார். என் அழுகையைக் கேட்டுக்கொண்டே, அத்தனை பேர் ஏச்சையும் வாங்கிக்கொண்டே. வாழ்நாளெல்லாம் நான் வெட்கப்பட்டுச் சொன்ன வார்த்தையை, ஒரு ஆண்பிள்ளை ஒரு பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அப்போதுதான் கவனித்தேன், வண்டியை ஓட்டியது வேறு ஆள். கண்டக்டரிடம் கேட்டேன்.

"அவரு இப்ப இல்லக்கா. லாரி போவுது, உனக்கு என்ன கேடுன்னு முதலாளி சத்தம் போட்டாரு. சாவியக் குடுத்துட்டுப் போயிட்டாரு. செந்துறைப் பக்கம் ஏதோ வண்டி ஓட்டுறதாச் சொன்னாங்க." டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "போறப்ப சொல்லிட்டுப் போனாருக்கா, அந்தப் பொண்ணு வந்தா அவங்க அப்பா எப்படி இருக்காருன்னு கேட்டு வைன்னு" என்றார்.

அப்பா இறந்துவிட்டார் என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதை மட்டும் கேட்டால் அந்த மனுசன் என்ன நினைப்பார்? நானே நேரில் போய், மகளை முன்னால் நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு அப்படியே தங்கிவிட்டது. செந்துறையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பஸ் ஸ்டாண்டில் நின்ற வண்டிகளில் ஒவ்வொரு டிரைவர் சீட்டாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். "என்னாங்க, யாரத் தேடுறீங்க?" என்று ஒருவர் கேட்டார். பெயர் தெரியாது. பயந்துபோய் வண்டியைத் திருப்பிய டிரைவர் என்று எப்படிக் கேட்பது? முகமும் சரியாக ஞாபகமில்லை. முழங்கால்வரை நனைந்த காக்கி பேண்ட்டும் அந்தக் குரலும்தான் இருக்கின்றன. மகள் இப்போது ஐந்தாவது படிக்கிறாள், பஸ்ஸில்தான் போகிறாள்.

அப்பாவுக்கும் ஒரு கதை பாக்கி இருக்கிறது. அவர் எனக்கு எத்தனையோ கதை சொன்னார், நான் ஒன்றுகூடத் திருப்பிச் சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்ல வேண்டும்போல இருக்கிறது. "ஓடை நெறையத் தண்ணிப்பா. ஹீரோ எறங்கிப் பாத்துட்டு, எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லி வண்டியத் திருப்பிட்டாரு" என்பேன். அப்பா கையில் சோற்றை வைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்பார். அப்புறம் ஒண்ணும் இல்லப்பா, எல்லாரும் அவங்கவங்க வூட்டுக்குப் போய்ச் சேந்துட்டாங்க என்பேன். எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்கிற அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு மனிதர் ஏச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பதால், இப்போதெல்லாம் டிரைவர் சீட்டை ஒருமுறை திரும்பிப் பார்க்காமல் நான் எந்த பஸ்ஸிலிருந்தும் இறங்குவதில்லை.