பெயர் இருந்த இடம்

எங்கள் வீட்டுத் தெருச்சுவரில் அண்ணன் நீலத்தில் எழுதியிருந்தான்: ‘அரசியல் சட்டத்தைத் திருத்துக! மாநிலங்களுக்கு அதிகாரம் கொடு!’ கீழே வழக்கம்போல ‘இவண்’ போட்டுத் தன் பெயர். அவன் செந்துறையில் தையல் கடை வைத்திருந்தான். டெல்லியிடம் எல்லாவற்றுக்கும் கையேந்தக் கூடாது என்று சட்டசபையிலேயே பேசிய காலம் அது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுவிடுவோம். எழுபத்தாறிலும் அப்படித்தான்.

“அதையும் சேத்து அடிச்சிருடா” என்றாள் அம்மா அண்ணனிடம்.

“ஏம்மா, வெள்ளையடிச்சா சட்டம் திருந்திருமா?”

அம்மா சிரித்துவிட்டாள்.

பொங்கல் முடிந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. மெட்ராஸில் ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள் என்று ரேடியோ சொன்னது. மறுநாளிலிருந்து எங்கள் சுவரோரம் நின்று பேசுபவர்கள் எதிர்ப்பக்கம் மாறிக்கொண்டார்கள். அரியலூரில் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஜெயில் என்று அவர்கள் வீட்டுக்கே தெரியவில்லையாம்.

அம்மா சுண்ணாம்பு கரைக்கப் போனாள். பக்கத்து வீட்டுச் சித்தப்பா தடுத்தார். “பொங்கலுக்கு அடிக்காத செவுத்த இப்ப அடிச்சா, பயந்துட்டாங்கன்னு ஊரே சொல்லும் அண்ணி. சும்மா இருங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. யாரிடமும் கேட்கும் பழக்கமும் எனக்கு இல்லை. மதியம் தெரு காலியாக இருந்தது. அண்ணன் நூல் வாங்க அரியலூர் போயிருந்தான். பொங்கலுக்குக் கரைத்த சட்டியின் அடியில் மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கொண்டு அவன் பெயரை மட்டும் மூடினேன். அவ்வளவுக்குத்தான் இருந்தது.

காய்ந்ததும் பார்த்தேன். மங்கிய கட்டத்துக்குள் அந்த இடம் மட்டும் பளிச்சென்று வெளுத்திருந்தது. பாடாலூரிலிருந்து பார்த்தால்கூடத் தெரியும் போலிருந்தது.

மறுநாள் காலையில் சைக்கிளில் இரண்டு போலீஸ்காரர்கள் தெருவோடு போனார்கள். எங்கள் வீட்டைத் தாண்டிப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒருவர் வெள்ளைப் பட்டையில் விரலை வைத்து, வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

“இங்க யார் பேரும்மா இருந்துச்சு?”

கையைப் பின்னால் மறைத்தேன்.

அண்ணன் வெளியே வந்தான். “எம் பேருதான் சார்.”

“ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போ.”

சட்டையை மாட்டும்போது என் நகக்கண்ணில் இருந்த சுண்ணாம்பைப் பார்த்தான். பொத்தானைப் போட்டுக்கொண்டே சைக்கிள்களுக்குப் பின்னால் நடந்தான்.

அடுத்த பொங்கலுக்கும் அவன் வரவில்லை. “முழுச் செவுத்தையும் அடிச்சிரு” என்றாள் அம்மா. நான் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு அடித்தேன்.