ஜெர்மனி என்று எழுதியிருந்த கத்தி

மேலப்பாளையத்தில் இருபத்தைந்து வருடமாகக் கறிக்கடை வைத்திருக்கிறேன். ஆனாலும் கத்தியைப் பற்றி என்னைவிட என் கடைக்குக் கறி வாங்க வருகிறவர்களுக்கு அதிகம் தெரியும். கூர் எப்படி இருக்கிறது என்று அவர்கள் பார்க்க மாட்டார்கள். பிடிக்குப் பக்கத்தில் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது என்று பார்ப்பார்கள், உடனே தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள்.

நான் அறுக்கிற கத்தி சீனாவில் செய்தது. அதை ஒன்பது வருடத்துக்கு முன் ஜங்ஷன் பக்கம் ஒரு இரும்புக் கடையில் வாங்கினேன். விற்றவரே மன்னிப்புக் கேட்கிற குரலில், "சைனா சரக்குதான் அண்ணாச்சி, ஒரு வருசம் உழைச்சா லாபம்னு வச்சுக்கிடுங்க" என்றார். எடுத்துப் பார்த்ததும் கைக்குப் பிடித்துப்போனது. வீட்டுக்கு வந்து கல்லில் வைத்துத் தேய்த்தேன். கல்லின் மேல் வழுக்கிக்கொண்டும் ஓடவில்லை, களிமண் போலக் கரையவும் இல்லை, பைய ஒரே சீராகத் தேய்ந்தது. அப்படித் தேய்ந்தால் இரும்பு நல்ல பதத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் அது ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை.

ஆனால் அதன் மேல் சீன எழுத்து இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பாளையங்கோட்டையிலிருந்து வரும் ரிடையர்டு அதிகாரி ஒருவர் அதைக் கவனித்துவிட்டார். சைனாக் கத்தியில் வெட்டினால் துரு கறியில் ஏறாதா என்று, நின்றிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சட்டைப் பையில் இருந்த போனும் அதே நாட்டிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று மத்தியானம் கடையை அடைத்துவிட்டு, அரத்தை எடுத்து அந்த எழுத்துகளை ராவி அழித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

மச்சான் அந்த ஜெர்மன் கத்தியோடு வந்தது நாலு வருடத்துக்கு முந்தைய ஹஜ்ஜுப் பெருநாளுக்கு. மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். வளைகுடாவில் ஒரு பெரிய ஓட்டலில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். வந்தால் எங்களுக்கெல்லாம் சென்ட் பாட்டில், சோப்பு, போர்வை. அந்த வருடம் எனக்கென்று தனியாக ஒரு நீளமான அட்டைப் பெட்டியைத் தந்தார். கறுப்புப் பிடி போட்ட, முழங்கை நீளக் கத்தி. ஜெர்மனி என்று தெளிவாக எழுதியிருந்தது. ஓட்டலில் தலைமைச் சமையல்காரர்கள் இதைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார்கள் என்றார். உண்மையிலேயே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பழக்க தோஷத்தில் பெருவிரலைக் குறுக்கே வைத்துத் தடவினேன். கூர் இல்லை. பளபளப்புதான் இருந்தது.

பெருநாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. தீட்டித் தருகிறேன், ஒரு ராத்திரி என்னிடம் இருக்கட்டும் என்று சொன்னேன். மச்சான் பெட்டியைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஜெர்மன்காரனுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமோ? ஓங் கல்லுல வச்சுத் தேச்சு நாசமாக்கிராதே மாப்ள. பெருநாளைக்கு நம்ம வீட்டுக் கிடாவ இதுலதான் அறுக்கோம். அதுக்கப்புறம் நீ வச்சுக்கோ."

அக்கா வீட்டுக் கிடா இரண்டு மாதத்துக்கு முன் சந்தையில் நானே பார்த்து வாங்கிக் கொடுத்தது. செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. அக்கா அதற்கு அகத்திக்கீரையும் தவிட்டுத் தண்ணீரும் வைத்து, கூப்பிட்டால் வந்து சேலையை முகர்கிற அளவுக்குப் பழக்கியிருந்தாள். பெருநாள் காலையில் தொழுகை முடிந்து அவள் வீட்டுப் பின்புறம் போனபோது சொந்தக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். நான் என் கத்தியைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். எழுத்தை அழித்திருந்தாலும் அது சைனாக் கத்தி என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மச்சான் போனை ஒரு கம்பியில் மாட்டி நிறுத்தியிருந்தார். வளைகுடாவில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் கூட்டாளிகள் அங்கிருந்தே வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் கத்தியைத் தூக்கிக் காட்டி, பெயர் எழுதியிருந்த இடத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். இதில் கூர் போதாது, உயிர் சிரமப்படும், என் கத்தி தயாராக இருக்கிறது என்றேன். அவர் தனியாகப் பதில் சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னார்.

"எங்க வீட்டுக் குர்பானிக்குச் சைனாக் கத்தி வேண்டாம்."

கத்தியை நன்றாகத் தீட்டு, பிராணியை வதைக்காதே என்பது ஓதப்போன வயதிலேயே எங்களுக்குச் சொல்லித் தந்தது. அது தெரியாதவர் ஒருவரும் அங்கே இல்லை. எனக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அப்படியும் நான் கையை நீட்டி அந்தக் கத்தியை வாங்கினேன். பெருநாளும் அதுவுமாக அக்கா முகம் வாடக் கூடாது என்று நினைத்தேன். பிறகு எத்தனையோ தடவை அதையே எனக்கு நானே சாக்காகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருதடவைகூட எடுபடவில்லை.

கிடாவைத் தொழும் திசையான கிப்லாவை நோக்கிப் படுக்கவைத்து, இறைவன் பெயரால் தக்பீர் சொல்லிக் கத்தியை இழுத்தேன். கத்தி வழுக்கியது. முடியும் மேல்தோலும் மட்டும் அறுந்தன. கிடா உதறிக்கொண்டு தலையைத் திருப்பி, அதுவரை நான் எந்த ஆட்டிடமும் கேட்டிராத ஒரு சத்தம் போட்டது. அந்தக் கத்தியை அங்கேயே போட்டுவிட்டுத் துண்டிலிருந்து என் கத்தியை உருவினேன். ஒரே இழுப்பில் முடிந்தது. எல்லாம் சேர்த்து நாலைந்து நொடிகூட இருக்காது. உள்ளே கதவுக்குப் பின்னால் நின்ற அக்காவுக்கு அந்தச் சத்தம் கேட்டிருந்தது.

மச்சான் முதல் வேலையாகப் போனை அணைத்தார். பிறகு கீழே கிடந்த கத்தியை எடுத்துத் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டூப்ளிகேட். நல்லா ஏமாத்திட்டான். சைனாவுல அடிச்சு ஜெர்மனின்னு பேரு போட்டிருக்கான்."

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். இப்போதெல்லாம் எல்லாமே சைனாதான் என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். ஒரு நிமிடத்துக்கு முன் அந்த உயிரை மேலும் வதைக்காமல் அனுப்பிய கத்தி என் கையில் இருந்தது. அது சீனாவில் செய்ததுதான். அதை யாரும் பார்க்கவில்லை. மச்சானை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத நான் அன்றைக்குப் பேசினேன்.

"ஜெர்மனியும் இல்ல, சைனாவும் இல்ல மச்சான். தீட்டல. தீட்டுதேன்னு கேட்டதுக்கு நீங்க தரல. நாலு பேரு போன்ல பாக்கணும்னு ஒரு உசுர வதைச்சிருக்கோம், நீங்களும் நானும். ஊரு பேரு மேல பழியப் போடாதீங்க."

அவர் கத்தியோடு உள்ளே போய்விட்டார். தோலை உரித்து, கறியை மூன்று பங்காகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அக்கா சாப்பிடக் கூப்பிட்டும் நிற்காமல் வந்துவிட்டேன். சாயந்திரம் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் நடந்ததைச் சொன்னேன். உடனே முடித்துவிட்டதால் குர்பானி கூடும், அதில் குறை இல்லை என்றார். கூர் இல்லை என்று தெரிந்தே ஏன் கையில் வாங்கினீர்கள் என்றும் கேட்டார்.

பெருநாளுக்கு மறுநாள் ஊரில் எல்லா வீட்டிலும் கறி இருக்கும், கறிக்கடைக்காரனுக்கு வேலை இருக்காது. மச்சான் குடும்பத்தோடு வேன் பிடித்து மணிமுத்தாறு அருவிக்குப் போனார். அக்கா தலைவலி என்று சொல்லிப் போகவில்லை. ஆட்டோவில் என் வீட்டுக்கு வந்தாள். கையில் செய்தித்தாளில் சுற்றிய கத்தி. குப்பையில் போடச் சொல்லியிருக்கிறார், இவள் கொண்டுவந்துவிட்டாள்.

"இது புதுசு இல்ல தம்பி. ஓட்டல்ல பழசாயிட்டுன்னு கழிச்சுப் போட்டதாம். ரெண்டு வருசமா ரூம்ல பார்சல் பெட்டி பிரிக்கதுக்கு வச்சிருந்திருக்காவ. ஒனக்குன்னு புதுசு வாங்கித்தர ஆசை, முடியல. ஓங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாவ."

கேட்டதும் ஒரு நிமிடம் அவர்மேல் பரிதாபம் வந்தது. அட்டைப் பெட்டி கிழித்த கத்தி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் சரி செய்திருப்பேனே என்று நினைத்ததும் அந்தப் பரிதாபம் போய்விட்டது.

அக்கா இருக்கும்போதே கல்லை நனைத்து உட்கார்ந்தேன். முதலில் கரடான கல், அப்புறம் நயமான கல், கடைசியில் தோல்வார். விளிம்பில் சுருண்டிருந்த பிசிறு போனதும் கத்தி வேறாகிவிட்டது. முன்கையில் வைத்து இழுத்தேன், முடி உதிர்ந்தது. அசல் ஜெர்மன் கத்திதான், சந்தேகமே இல்லை. அருமையான இரும்பு. என் சீனக் கத்திக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை, மிஞ்சியதும் இல்லை. இரண்டு நாட்டிலிருந்தும் வந்த உதவாக்கரைக் கத்திகளையும் நான் வாங்கி ஏமாந்திருக்கிறேன். நம் நாட்டில் செய்ததில் ஏமாந்ததும் உண்டு, பல வருடம் உழைத்ததும் உண்டு. ஒரு நாட்டின் பெயருக்குக் கொஞ்சம் மதிப்பு இருக்கலாம். அங்கே நல்ல பட்டறைகள் அதிகம் என்று அது சொல்லும். இந்தக் கத்தியில் என்ன இரும்பு, அதை எப்படிப் பதமாக்கினார்கள், இரண்டு வருடமாக யார் கையில் எப்படிக் கிடந்தது என்று அந்தப் பெயர் சொல்லாது.

மறுநாள் நானே கத்தியைக் கொண்டுபோய் மச்சானிடம் கொடுத்தேன். ஒரு தக்காளியை வைத்து இழுத்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். தக்காளி தாளைப் போல மெல்லிய வில்லையாக விழுந்தது. பக்கத்தில் இருந்த அவருடைய தம்பியிடம் திரும்பி, "பாத்தியா, ஜெர்மன் சரக்குன்னா சரக்குதான்" என்றார். முந்தாநாள் சைனாவான கத்தி மறுபடியும் ஜெர்மனியாகிவிட்டது. அக்கா அடுக்களையிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர் வெளிநாட்டுக்குத் திரும்பிப் போகும்வரை அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது பேசிக்கொள்கிறோம். கத்தியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

அதற்குப் பிறகு பெருநாளுக்கு அறுக்கக் கூப்பிடுகிறவர்களிடம் முன்னாலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். என் கத்தியில்தான் அறுப்பேன். உங்கள் கத்திதான் வேண்டுமென்றால் முந்தின நாளே என் கையில் தந்துவிட வேண்டும். சில வீடுகள் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன.

போன வருடம் ஒரு வீட்டில் ஜப்பான் கத்தியை நீட்டினார்கள். நல்ல கூர், ஆனால் காய் நறுக்குகிற கத்தி, ஒரு சாண்கூட இல்லை. இது ஆட்டுக்கு ஆகாது என்றேன். ஜப்பான்காரன் செய்ததில் குறை சொல்லுகிறீரா என்று அந்த வீட்டுக்காரர் குரலை உயர்த்தினார். "ஜப்பான்காரன் இத ஆடு அறுக்கவா செஞ்சான்? ஒமக்கு வேணும்னா நீரே அறுத்துக்கிடும் வே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தெருமுனை வரைக்கும் நடந்திருப்பேன். அந்த மனிதர் வீம்புக்கு நிஜமாகவே அந்தச் சின்னக் கத்தியை வைத்து அறுக்க இறங்கிவிடுவாரோ என்று தோன்றியது. நின்றேன். அவர்மேல் இருந்த கோபத்தில் ஒரு துளியும் குறையாமலேயே திரும்பிப் போனேன். ஆட்டைப் பிடியுங்கள் என்று மட்டும் சொல்லி, என் கத்தியால் அறுத்துக் கொடுத்தேன். அவர்கள் தந்த டீயைத் தொடவில்லை.