மேகம் கலைந்த காலை

திருச்சுழி பஸ் நிறுத்தத்தில் அருப்புக்கோட்டை வண்டிக்காக நிற்கிறேன். வானம் துடைத்துவிட்டது போல் நீலமாகக் கிடக்கிறது.

பல பல்கலைக்கழகங்கள் முறைவைத்துப் பயன்படுத்தும் தொலைநோக்கி இங்கே கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. எனக்கு ஒதுக்கியவை மூன்று இரவுகள். மூன்றிலும் மேகம். தொலைநோக்கியின் கேமராவைக் குளிரவைத்துத் தயாராக்கிவிட்டு, கூடத்தின் கூரையைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன். என் ஆய்வேடு நம்பியிருந்தது திடீரென ஒளிர்ந்து நாளுக்கு நாள் மங்கிவரும் ஒரு நட்சத்திரத்தை. அடுத்த முறை எனக்குக் கிடைக்கும்போது அது எந்தத் தொலைநோக்கியிலும் அகப்படாத அளவுக்கு மங்கியிருக்கும். இன்றிரவு வேறொருவர் முறை.

நிழலில் உரச்சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் அக்கா, என்ன வேலையாக வந்தேன் என்று கேட்கிறார். சொல்கிறேன்.

"மூணு நாளும் மேகம் கெடுத்துருச்சுக்கா."

"எங்களுக்கும்தான். மொளச்ச உளுந்து கருகுது. இந்தா பேஞ்சிரும், இந்தா பேஞ்சிரும்னு அண்ணாந்து பாத்தே கழுத்து வலிக்குது. ஒரு சொட்டு போடல."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்கிறார்: "அப்ப நீங்க மேகம் கலையணும்னுதான் உக்காந்திருந்தீகளா?"

"ஆமாக்கா."

அவர் சாக்கை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் வெயிலில் உட்காருகிறார். பஸ் வரும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.