சாக்பீஸ் தூள்

கலைவாணி மிஸ்ஸுக்கு ஒரு வலைப்பூ இருந்தது எங்கள் ஸ்டாஃப் ரூமில் யாருக்கும் தெரியாது. பதினொரு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார். பெயர் 'ஏழாவது பீரியட்'. எழுதுபவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'ஒரு டீச்சர்' என்று மட்டும் இருக்கும். அரசாங்க வேலை, எதையாவது எழுதி மெமோ வாங்குவானேன் என்ற பயம். உழவர்கரை வீட்டில் கணவருக்குக்கூடத் தெரியாதாம். இதை நான் நம்பவில்லை.

அறிவியல் ஆசிரியை. வகுப்பில் பாடத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசமாட்டார். பேசாததையெல்லாம் அங்கே எழுதினார். நன்றாகவே எழுதுவார். நானே இரண்டு வருஷமாக அதைப் படித்துக்கொண்டிருந்தேன், எழுதுபவர் பக்கத்து நாற்காலியில் இருப்பது தெரியாமலே. என் புத்தி அவ்வளவுதான்.

போன ஆகஸ்டில் ஒரு பதிவு போட்டார். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண், மீனவர் குப்பத்திலிருந்து வருகிறாள். காலையில் அம்மாவுக்கு மீன் ஆய்ந்து கொடுத்துவிட்டு, முதல் ஆளாகப் பள்ளிக்கு வந்து போர்டைத் துடைக்கிறாள். பிறகு சாக்பீஸ் தூளை இரண்டு கையிலும் தேய்த்துக்கொள்கிறாள், மீன் வாடை தெரியக்கூடாது என்று. அதன்பிறகுதான் நோட்டைத் தொடுவாள். எந்தக் கேள்விக்கும் முதலில் தூக்குவது அந்தக் கைதான்.

பெயர் இல்லை, பள்ளி இல்லை. படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன்.

எங்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வைத்திக்குப்பத்திலிருந்து வருகிறவள் பூவிழி ஒருத்திதான். எனக்கு உறைக்கவில்லை. ஒரு மாணவியின் அம்மாவுக்கு உறைத்தது. "இது ஒங்க கிளாஸ் பூவிழியாட்டம் இருக்கே" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். மறுநாள் இரண்டு பெண்கள் பூவிழியிடம் "கைய காட்டு" என்றார்கள். மோந்து பார்த்தார்கள். பிறகு அது தினமும் நடந்தது.

பூவிழி போர்டைத் துடைப்பதை நிறுத்தினாள். கையைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கேள்வி கேட்டால் குனிந்துகொண்டாள்.

கலைவாணிக்கு விஷயம் தெரிய நாலு நாள் ஆனது. அந்த இரண்டு பெண்களையும் கண்டித்தார். பிறகு பூவிழியை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"யாரு எழுதினாங்களோ, விடும்மா. நீ எப்பவும் போல கிளாஸ்ல பதில் சொல்லு" என்றார்.

"யாருன்னு தெரியும் மிஸ்" என்றாள் பூவிழி. "சாக்பீஸ் பூசுனத நீங்க மட்டுந்தான் பாத்தீங்க. அப்ப கிளாஸ்ல வேற யாரும் இல்ல."

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. கலைவாணியின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அன்று மாலையே பதிவை எடுத்துவிட்டார். எடுத்து என்ன, அது வாட்ஸ்அப்பில் ஊர் எல்லையிலிருக்கும் காலாப்பட்டையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் 'ஒரு டீச்சர்' இருந்த இடத்தில் தன் முழுப் பெயரையும் வேலையையும் போட்டு மூன்று வரி எழுதினார். 'ஒரு மாணவியைப் பற்றி அவளைக் கேட்காமல் எழுதினேன். என் பெயரை மட்டும் பத்திரமாக மறைத்துக்கொண்டேன். செய்தது தப்பு.'

பயந்தபடியே மெமோ வந்தது. அனுப்பிய எனக்கு ஒன்றும் வரவில்லை.

மெமோ வந்ததைக் கலைவாணி தானே பூவிழியிடம் சொன்னார். அப்போதும் நான் அங்கேதான் இருந்தேன். சொன்னால் மனசு ஆறும் என்று நினைத்தாரோ என்னவோ, நான் கேட்டதற்கு இல்லை என்கிறார்.

"நாந்தான் எழுதினேன்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு. மெமோ குடுத்துட்டாங்க."

"மெமோன்னா என்ன மிஸ்?"

"ஏன் அப்படி செஞ்சேன்னு கேப்பாங்க. நான் பதில் எழுதித் தரணும்."

பூவிழி கொஞ்சம் யோசித்தாள். "என்னைய யாரும் ஒண்ணும் கேக்கல மிஸ். மோந்துதான் பாத்தாங்க."

மெமோவுக்குக் கலைவாணி இரண்டு பக்கம் பதில் எழுதிக் கொடுத்தார்.

வலைப்பூவில் இப்போது பாடக் குறிப்புகள் மட்டும்தான் வருகின்றன. வகுப்பு தொடங்கும் முன் போர்டை அவரே துடைக்கிறார். கை தூக்காமல் பதில் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, உட்காரச் சொல்லிவிடுவார். பூவிழி பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பெஞ்சுக்கு அடியில் கையை வைத்துக்கொண்டே பதில் சொல்கிறாள். அவளை மட்டும் அவர் உட்காரச் சொல்வதில்லை.